பேரூராட்சி கவுன்சிலராக நின்றால் அடுத்த படி உண்டா?

கேள்வி: ஜெராக்ஸ் கடைக்காரன்

வயது 31. பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் என்று மனு எழுதிக் கொடுத்தே வார்டில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். போன வாரம் கட்சியின் பேரூர் செயலாளர் கடைக்கு வந்து, "அடுத்த தடவை கவுன்சிலருக்கு நில்லு தம்பி, பார்த்துக்கலாம்" என்றார். அப்பா வேண்டாம் என்கிறார். எனக்கு ஆசைதான். ஆனால் எங்கள் ஊரில் கவுன்சிலர் ஆனவர் யாரும் அதைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை. இந்த வழியில் மேலே போக முடியுமா? வீட்டில் யாராவது பதவியில் இருந்திருந்தால் சொல்லுங்கள்.

பதில்: பழைய பேப்பர்

போனவர்கள் இருக்கிறார்கள் தம்பி. ராஜாஜி 1917இல் சேலம் நகராட்சித் தலைவர். பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்து, 1919இல் அதை உதறிவிட்டுக் காங்கிரசுக்கு வந்தவர். காமராசர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும் ராஜினாமா. அதே விருதுநகரில் 1967இல் 1,285 ஓட்டில் தோற்றார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கிட்டத்தில் வேண்டுமா, ஓ.பன்னீர்செல்வம் 1996இல் பெரியகுளம் நகராட்சித் தலைவர், 2001இல் எம்.எல்.ஏ., அதே வருஷம் முதலமைச்சர். தைரியமாக நில்லுங்கள்.

பதில்: கவுன்சிலர் வீட்டுப் பெண்

ஐயா சொன்ன நாலு பேரும் நகராட்சித் தலைவர்கள். தம்பி கேட்பது பேரூராட்சி வார்டு. அது வேறு.

என் அப்பா 2001, 2006, 2011 என்று மூன்று முறை கவுன்சிலர். காலை ஐந்து மணிக்கே போன் வரும், பெரும்பாலும் தண்ணீர் வரவில்லை என்றுதான். ஸ்கூட்டர் பெட்டியில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு மடித்து வைத்திருப்பார். இழவு வீட்டிலிருந்து தகவல் வந்தால் வீட்டுக்கு வந்து போக நேரம் இருக்காது, அப்படியே போய்விடுவார். ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்வது, மின்கம்பத்திலிருந்து விளக்குக்கு ஒயர் இழுக்க ஆள் பிடிப்பது, அப்புறம் இறப்புச் சான்று வரைக்கும் அவர்தான். வைகாசி முகூர்த்தம் ஒன்றில் ஒரே நாளில் ஒன்பது கல்யாணம். அம்மா மொய் நோட்டைக் கூட்டிப் பார்க்க உட்கார்ந்து, பாதியில் மூடி வைத்துவிட்டார். அப்போது மாதச் சம்பளமெல்லாம் கிடையாது. 2023 ஜூலையிலிருந்துதான் பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம். மொய்க்கே பத்தாது.

அப்பா ஒரு தேர்தலிலும் தோற்கவில்லை. தேர்தலே நடக்காமல் போனதில்தான் அவர் கதை முடிந்தது. 2016இல் மனுத் தாக்கல் செய்து, நோட்டீசும் அடித்து வந்துவிட்டது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு வழக்கில் அக்டோபர் 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார். நகர்ப்புறத் தேர்தல் திரும்ப நடந்தது 2022 பிப்ரவரி 19ஆம் தேதி. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல். இவருக்குப் பதவி இல்லை, ஆனால் போன் மட்டும் நிற்கவில்லை. அந்த நோட்டீசின் பின்பக்கத்தில்தான் நான் நெட் தேர்வுக்குக் கணக்குப் போட்டுப் பழகினேன்.

2022இல் வார்டு பெண்களுக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டிலேயே யாராவது நிற்போம் என்று ஊர் நினைத்தது. அம்மா மறுத்துவிட்டார், நானும்தான். சீட்டு ஒன்றியச் செயலாளருக்கு வேண்டியவரின் மனைவிக்குப் போனது. அந்தம்மாவுக்காக அப்பா வீடு வீடாக ஓட்டுக் கேட்டார். அவர்களும் ஜெயித்தார்கள்.

மேலே போவது பற்றிக் கேட்டீர்கள். வார்டு வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அது உங்களை மேலே கொண்டுபோகாது. கிளை, பேரூர், ஒன்றியம், மாவட்டம் என்று கட்சியில் ஏற வேண்டும். சட்டமன்றத்துக்குப் பட்டியல் போகும்போது மாவட்டச் செயலாளர் சொல்தான் எடுபடும். 'மாவட்டம்' ஊருக்கு வருகிற நாளில் எல்லோரும் பைபாஸில் சால்வையோடு நிற்பார்கள். அப்பா குழாய் உடைந்த தெருவில் பள்ளம் தோண்டுபவர்களோடு நிற்பார். அது அவர் பெருமை இல்லை தம்பி, கணக்குத் தெரியாத்தனம். நான் அவரிடமே இதைச் சொல்லியிருக்கிறேன்.

பதில்: ஜெராக்ஸ் கடைக்காரன்

நன்றி அக்கா. செலவு எவ்வளவு ஆகும் என்பதையும் அப்பாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

பதில்: கவுன்சிலர் வீட்டுப் பெண்

2022இல் பேரூராட்சி வார்டுக்கு டெபாசிட் 1,000 ரூபாய். அது செலவில் சேராது. மற்றதை எழுத்தில் சொல்ல மாட்டேன் என்கிறார், சிரிக்கிறார். பதிலுக்கு உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: உங்கள் வார்டுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் பேர் தெரியுமா?

பதில்: ஜெராக்ஸ் கடைக்காரன்

ஆளைத் தெரியும் அக்கா. ஆதார் ஜெராக்ஸ் எடுக்க நம்ம கடைக்குத்தான் வருவார். பேர் கேட்டதில்லை.