எஃப்டி ஆர்எக்ஸ்-7: பெற்றோல் கசிவுக்கு மேல் மனிஃபோல்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தை ரோட்டரி

என்னிடம் 1993ஆம் ஆண்டுத் தயாரிப்பான மஸ்டா ஆர்எக்ஸ்-7, எஃப்டி மாதிரி, உள்ளது. காலி வீதியின் மாலை நெரிசலில் ஊர்ந்து வந்து வாகனத்தை நிறுத்தினால், சற்று நேரத்தில் பொனட்டைச் சுற்றிப் பெற்றோல் நெடி வீசுகிறது. தரையில் சொட்டு எதுவும் இல்லை. ஒரு கராஜில், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேல் மனிஃபோல்டைக் கழற்றாமலே பக்கவாட்டில் வளைந்த ஸ்பானரை விட்டு ஓஸை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். வேறொரு கராஜில், டேர்போ வரை எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். இரண்டில் எது நியாயம்?

தெகிவளை 13பி

முதலாவது யோசனையை ஒதுக்கிவிடுங்கள். உங்கள் வாகனத்தின் 13பி-ஆர்ஈடபிள்யூ, பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின். அதில் பெற்றோலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்கள் உள்ளன. இரண்டாம் நிலை இன்ஜெக்டர்கள் கீழ் மனிஃபோல்டில் அமர்ந்திருக்க, முதல்நிலை இன்ஜெக்டர்கள் எஞ்சினின் நடு ஹவுசிங்கிலேயே பொருத்தப்பட்டுள்ளன. அவற்றுக்குப் பெற்றோல் கொண்டுவரும் ரெயில் என்ற குழாயில்தான் 'டாம்பர்' என்ற உலோகக் குமிழ் இருக்கிறது. இன்ஜெக்டர்கள் திறந்து மூடும் ஒவ்வொரு கணமும் ரெயிலுக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதால், அந்தத் துடிப்பை உள்ளேயுள்ள சவ்வும் சுருள்வில்லும் வாங்கிக்கொள்கின்றன. முப்பது ஆண்டு கடந்த சவ்வு கிழிந்தால் பெற்றோல் அதன் மறுபக்கத்துக்கு ஏறி மூடிப் பக்கத்தால் வெளியேறும். எஃப்டி வைத்திருப்பவர்கள் உலகெங்கும் அஞ்சுகிற கசிவு இதுதான். இந்தக் குமிழ் மேல் மனிஃபோல்டுக்கு நேர் கீழே மறைந்திருப்பதால், கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைக் கைத்தடவலில் இறுக்கிவிட்டு வாகனத்தைத் திருப்பிக் கொடுப்பவரை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ரோட்டரியில் காற்று நுழைவதும் புகை வெளியேறுவதும் ஒரே பக்கத்தில்தான். உள்ளெடுப்பு மேலே, புகைக்குழாயும் இரட்டை டேர்போவும் கீழே. பெற்றோல் தீப்பொறி இல்லாமலே தானாகப் பற்றும் வெப்பநிலை ஏறத்தாழ 250 முதல் 280 பாகை செல்சியஸ். மேலே கசிந்தால் அது எங்கே போய்ச் சேரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மேல் மனிஃபோல்டை இறக்குங்கள். இறக்கிய கையோடு டாம்பர், எரிபொருள் ஓஸ்கள், இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள், டேர்போக்களை இயக்கும் வெற்றிடக் குழாய்கள், அவற்றைத் திறந்து மூடும் மின் வால்வுகளான சொலினாய்டு அடுக்கு அனைத்தையும் புதுப்பித்துவிடுங்கள். ஒரு முறை திறந்த வேலையை மறுபடி திறக்க எவருக்கும் விருப்பம் இருக்காது.

மருதானை பழைய பாஸ்

தம்பி தெகிவளை சொல்வதில் முற்பாதியை ஏற்கிறேன், பிற்பாதியை ஏற்கமாட்டேன். பெற்றோல் நெடி என்று வந்த வாகனத்தை, கசியும் இடத்தைக் காணாமலே அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது வைத்தியமல்ல. தரையில் சொட்டு இல்லை, நிறுத்திய பின்தான் நெடி என்கிறார். அப்படியானால் கரிக்குடுவைக்கு (தாங்கியின் பெற்றோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி நிரப்பிய குடுவை) போகும் ஆவிக் குழாயில் வெடிப்பு விழுந்திருக்கலாம். கொழும்பு வெயிலில், எஞ்சின் சூடு மேலேறும் வேளையில், திரவம் சொட்டாமல் ஆவி மட்டும் வெளியேறினாலும் இதே நெடிதான் வரும். அதற்கு ஒரு ரப்பர் துண்டும் இரண்டு கிளிப்பும் போதும்.

அடுத்தது, திறப்பதால் வரும் கேடு. இந்த வாகனத்தில் இரண்டு டேர்போக்களும் முறைவைத்து இயங்குகின்றன. முதலாவது தொடக்கத்திலிருந்தே ஊத, நிமிடத்துக்கு 4500 சுழற்சியை ஒட்டி இரண்டாவது சேர்ந்துகொள்கிறது. இந்த ஏற்பாட்டை நடத்துவது மேல் மனிஃபோல்டின் அடியில் எலிக்கூடு போலப் பின்னிக் கிடக்கும் மெல்லிய குழாய்கள். அவை அத்தனையும் சூட்டில் வெந்து விறைத்தவை. ஒன்றைத் தொட்டால் பக்கத்திலுள்ளது முறியும். அதைவிட மோசமானவை, ரோட்டருக்கு எஞ்சின் எண்ணெயை அளந்து செலுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள். அவற்றில் ஒன்று முறிந்தது தெரியாமல் மூடி ஓட்டினால், அந்த ரோட்டரின் முனைகளிலுள்ள ஏபெக்ஸ் சீல் என்ற அடைப்பு எண்ணெய் இன்றித் தேயும். பெற்றோல் கசிவைத் தேடிப் போய் எஞ்சினையே திறக்க வேண்டிய நிலை வரும்.

கடைசியாக, உதிரிப்பாகம். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கொரோலாவுக்கு நின்ற நிலையில் எதையும் வாங்கலாம், எஃப்டிக்கு முடியாது. யப்பானிலிருந்து வரும்வரை வாகனம் திறந்த வயிற்றோடு மழைக்காலத்தில் கிடக்கும். போட்ட போல்ட்டுகள் எந்தப் பெட்டியில் என்பதை வேலைக்காரப் பையனே மறந்துவிடுவான். இப்படிக் கைவிடப்பட்ட விளையாட்டு வாகனங்களைக் கொழும்பின் கராஜ்களில் வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன்.

தெகிவளை 13பி

ஐயா, ஆவிக் குழாயை முதலில் பார்க்க வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தரையில் சொட்டு இல்லை என்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். முதல்நிலை ரெயிலில் கசியும் சிறு அளவு பெற்றோல் சூடான எஞ்சின் உடலில் பட்டு, தரைக்கு வருமுன்னே ஆவியாகிவிடும். நெரிசலில் ஊர்ந்து வந்து நிறுத்திய பின் நெடி வருவது இதற்கும் பொருந்தும்.

மருதானை பழைய பாஸ்

பொருந்தும், அதனால்தான் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்கிறேன். நீங்கள் சொன்ன 280 பாகையையும் சற்றுத் திருத்திக்கொள்ளுங்கள். அது மூடிய கலத்துக்குள் அளக்கும் கணக்கு. காற்றோட்டமுள்ள இடத்தில் சூடான உலோகத்தின்மேல் விழும் பெற்றோல் பற்றுவதற்கு அதைவிட வெகுவாகக் கூடிய சூடு வேண்டும்.

தெகிவளை 13பி

சுமையோடு ஓடிய ரோட்டரியின் புகை 900 பாகை வரை போகிறது. டேர்போவின் வார்ப்பு உடல் சிவக்கும். அந்த 'வெகுவாகக் கூடிய சூடு' இந்த வாகனத்தில் தாராளமாகவே இருக்கிறது. போதாததற்கு விசிறி மோட்டார், ரிலே, பழைய வயர் என்று தீப்பொறிக்கும் குறைவில்லை.

நுகேகொடை இரசாயனவியலாளர்

இருவரும் வாதத்தை நடத்துங்கள். இதற்கிடையில் வாகன உரிமையாளருக்கு ஒன்று. வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள் என்பதால் அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிறுத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே எழுந்து கலையாமல் தரையோடு படர்ந்து பள்ளமான இடங்களில் தேங்கும். காரணம் தெரியும்வரை வாகனத்தைத் திறந்த வெளியில் வையுங்கள், பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் உலர்தூள் அல்லது நுரை தீயணைப்பான் இருக்கட்டும், தண்ணீர் எரியும் பெற்றோலைப் பரப்பவே செய்யும். ரெயிலைத் தொடுமுன் அழுத்தத்தை இறக்க வேண்டும்: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் பம்பின் மின்னிணைப்பைத் துண்டித்து, அது தானாக அணையும்வரை விடுங்கள். அணைந்த பிறகும் ஓஸுக்குள் மிச்சம் இருக்கும், துணியைச் சுற்றிக்கொண்டே கழற்றுங்கள். கசிவு ரெயிலில்தான் என்ற ஐயம் இருக்கும் வாகனத்தை, இந்த வேலைக்கு வேண்டியதைவிட ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக ஓடவிட வேண்டாம்.

வெள்ளவத்தை ரோட்டரி

நன்றி அக்கா. வாகனத்தை உறவினர் வீட்டு முற்றத்துக்கு மாற்றிவிட்டேன். பாஸ் ஐயா, எஞ்சினை ஓட்டாமலே கசிவைப் பார்க்க வழியுண்டா?

மருதானை பழைய பாஸ்

உண்டு. பொனட்டுக்குக் கீழுள்ள பரிசோதனைப் பெட்டியில் எஃப்/பி என்ற துளையையும் ஜிஎன்டி என்ற துளையையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். சாவியை ஓன் நிலைக்குத் திருப்பினால் எஞ்சின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடி, ரெயிலில் முழு அழுத்தம் நிற்கும். அதற்குமுன் இன்டர்கூலரிலிருந்து வரும் காற்றுக் குழாயையும் திரொட்டிலுக்கு முன்னுள்ள முழங்கைக் குழாயையும் கழற்றிவிட்டால், கைபேசியில் பொருத்தும் சிறு குழாய்க் கமராவை மனிஃபோல்டின் அடியில் விடலாம். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் கரிக்குடுவைப் பக்கத்தைப் பாருங்கள்.

வெள்ளவத்தை ரோட்டரி

பார்த்தேன். கரிக்குடுவைக் குழாய்களில் வெடிப்பு இல்லை. பம்ப் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் டாம்பரின் தலைப்பக்கம் நனைந்து, ஈரம் ரெயிலின் வழியே கீழிறங்குவது கமராவில் தெளிவாகத் தெரிந்தது.

கொட்டாஞ்சேனை டியூனர்

அப்படியானால் வேலை எளிது. மேல் மனிஃபோல்டை மட்டும் இறக்குங்கள், டாம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு அதே புரியுள்ள பாஞ்சோ போல்ட்டை, அதாவது பெற்றோல் ஊடாகச் செல்லும் துளையுள்ள போல்ட்டை, போட்டு மூடுங்கள். சவ்வு இல்லாத இடத்தில் கிழிவதற்கு எதுவும் இல்லை. மஸ்டா அல்லாத பிற நிறுவனங்களின் வெளிச்சந்தை ரெயில் போட்டு ஓட்டும் பலர் டாம்பர் இல்லாமலே ஓட்டுகிறார்கள். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை கிழியக்கூடிய ஒன்றுக்குப் பணம் கொடுத்து, அதையே மறுபடி அதே இடத்தில் வைப்பதில் என்ன பயன்?

தெகிவளை 13பி

வெளிச்சந்தை ரெயில் போடுபவர்கள் பெரும்பாலும் எஞ்சின் கணினியையும் மாற்றி, புதிய அமைப்புக்கேற்ப எரிபொருள் அளவை மறுபடி சீராக்குகிறார்கள். இவருடைய வாகனம் தொழிற்சாலைக் கணினியில் ஓடுகிறது. குறைந்த சுழற்சியில் ரெயிலுக்குள் துடிப்பு எழுந்தால், இன்ஜெக்டர் திறக்கும் கணத்தில் அழுத்தம் கூடியோ குறைந்தோ இருக்கும். கணினி கணக்கிட்ட அளவும் உள்ளே போகும் அளவும் வேறுபடும். ரோட்டரியில் கலவை மெலிந்தால், அதாவது காற்றுக்கேற்ற பெற்றோல் போகாவிட்டால், ஏபெக்ஸ் சீல் உடையக்கூடும் என்பது டியூனருக்குத் தெரியாததல்ல. முப்பது ஆண்டு உழைத்த பொருளுக்குப் பதில் புதியதொன்றைப் போட்டால் இன்னும் பல்லாண்டு உழைக்கும்.

கொட்டாஞ்சேனை டியூனர்

அழுத்தச் சீராக்கிக்குள்ளும் சவ்வு இருக்கிறது, துடிப்பில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். பாஞ்சோ போல்ட்டோடு தொழிற்சாலைக் கணினியில் ஓடும் எஃப்டிகளை நானே பார்த்திருக்கிறேன், ஐடிலில் (வாகனம் நின்றபடி எஞ்சின் ஓடும்போது) ஒரு குறையும் இல்லை. தீ அபாயத்தையும், நீங்கள் சொல்கிற நுண்ணிய கலவை வேறுபாட்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

மருதானை பழைய பாஸ்

ஐடிலில் குறை தெரியாததால் குறையே இல்லை என்றாகாது. இந்த இடத்தில் நான் தெகிவளைத் தம்பியோடு நிற்கிறேன். மஸ்டா பொறியியலாளர்கள் அழகுக்காக அந்தக் குமிழை வைக்கவில்லை. ஆனால் புதிய டாம்பர் கையில் வந்து சேர்ந்த பிறகே மனிஃபோல்டைத் தொடுங்கள். எண்ணெய்க் குழாய்களையும் மேல் மனிஃபோல்டு கஸ்கட்டையும் அதே கட்டளையில் வரவழையுங்கள். பழைய எண்ணெய்க் குழாய் முறியாமல் தப்பினாலும் மாற்றிவிடுங்கள்.

வெற்றிடக் குழாய்களில், மனிஃபோல்டை விடுவிக்கக் கழற்ற வேண்டியவற்றை மட்டும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி, படமெடுத்து, ஒன்றை மாற்றிய பின் அடுத்ததற்குப் போங்கள். சொலினாய்டு அடுக்கைக் கழற்ற வேண்டாம். மனிஃபோல்டு வெளியே வந்த உடனே கீழ் மனிஃபோல்டின் துளைகளை நூல் பிரியாத துணியால் அடைத்துவிடுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் ரோட்டர் அதை ஹவுசிங்கோடு சேர்த்து அரைக்கும்.

தெகிவளை 13பி

சொலினாய்டு அடுக்கை விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மற்றவற்றுக்குச் சரி. ஓஸ் வாங்கும்போது மட்டும் கவனம். பஞ்சிகாவத்தையில் 'பெற்றோல் ஓஸ்' என்று கேட்டால் காபுரேட்டர் வாகனங்களுக்கான ஆர்7 தரத்தை எடுத்துத் தருவார்கள். அதன் தாங்குதிறன் 50 பிஎஸ்ஐ. இந்த வாகனத்தின் ரெயில் அழுத்தம் ஏறத்தாழ 40 பிஎஸ்ஐ, டேர்போ ஊதும்போது அந்த ஊதலுக்கு ஈடாக இன்னும் 10 ஏறும். ஆகவே எச்சமாக எதுவும் மிஞ்சாது. ஓஸின் மேலே ஆர்9 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், அது 100 வரை தாங்கும். கிளிப்பும் ரப்பரைக் கீறும் துளையிட்ட வகையாக இல்லாமல், விளிம்பு மடித்த இன்ஜெக்ஷன் கிளிப்பாக இருக்கட்டும்.

நுகேகொடை இரசாயனவியலாளர்

எல்லாம் பூட்டிய பின், மேல் மனிஃபோல்டை வைப்பதற்குமுன், அந்த எஃப்/பி இணைப்பைப் போட்டுப் பம்பை மீண்டும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். மூடிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தக் கராஜும் சொன்னால் வாகனத்தை அங்கே விடாதீர்கள்.

வெள்ளவத்தை ரோட்டரி

முடிவு செய்துவிட்டேன். டாம்பரும் எண்ணெய்க் குழாய்களும் கஸ்கட்டும் வரும்வரை வாகனம் முற்றத்திலேயே நிற்கும். பாஞ்சோ போல்ட் வேண்டாம். மேல் மனிஃபோல்டின் அடியிலுள்ள எரிபொருள் ஓஸ்களும் முதல்நிலை இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளும் மாறும். சொலினாய்டு அடுக்கை ஐயா சொன்னபடி விட்டுவிடுகிறேன்.

தெகிவளை 13பி

உங்கள் விருப்பம். 4500 சுழற்சியில் இரண்டாம் டேர்போ தடுமாறினால் அதே மனிஃபோல்டை மறுபடி இறக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

மருதானை பழைய பாஸ்

இப்போது தடுமாறுகிறதா என்று அவரிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா தம்பி?

வெள்ளவத்தை ரோட்டரி

இல்லை ஐயா, இரண்டாவது டேர்போ ஒழுங்காகத்தான் சேர்கிறது.