டபுள் கெப்புக்கு ஹூட் ரெக்: கம்பெனி ரெக்கா, வெளிய வாங்குறதா?

ஹட்டன் வயரிங்:
வணக்கம். செக்கன்ட் ஹேண்ட்ல டொயோட்டா ஹைலக்ஸ் விகோ டபுள் கெப் (முன்னால ரெண்டு வரிச சீட்டு, பின்னால தொறந்த பாரத் தொட்டி உள்ள வண்டி) ஒண்ணு எடுத்திருக்கேன், கூரை மேல சாமான் கட்டுற ஹூட் ரெக் இல்ல. நம்ம வேல தோட்டத்து பங்களா, ஸ்டோர், கடைங்களுக்கு வயரிங் பண்றதும் தண்ணி லைன் இழுக்குறதும்தான், அதனால ஏணி, பிவிசி பைப் எல்லாம் தெனமும் ஏத்தணும். பின்னால டூல்ஸ் பெட்டி, வயர் ரோல் போட்டா எடம் முடிஞ்சுது, இப்ப டெயில் கேட்ட தொறந்து வச்சு பைப்ப வெளிய நீட்டிக்கிட்டுத்தான் ஓடுறேன், மஸ்கெலியா ரோட்டு வளைவுல பஸ்ஸு வந்தா உசுரு போய் வருது. லீவு நாள்ல வீட்டாளுங்களோட போறதும் இந்த வண்டிதான். வண்டிக் கம்பெனியே விக்கிற ரெக் வெல கேட்டா தல சுத்துது. கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைங்கள்ல அலுமினியம் ரெக் கெடக்குதுங்கிறாங்க, இங்க டவுன்ல வெல்டிங் பாஸ் (மேஸ்திரி) ஒருத்தர் பொக்ஸ் பார் இரும்புல அடிச்சுத் தாரேங்கிறாரு. எதப் போடலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

நுவரெலியா ஃபோர்வீல்:
தம்பி, ரெக்க பாக்குறதுக்கு முன்னாடி வண்டி மெனுவல எடுத்து கூரைக்கு எத்தன கிலோன்னு போட்டிருக்குன்னு பாருங்க. அனேகமான டபுள் கெப்புக்கு 75 கிலோ, மிஞ்சிப்போனா 100 அப்படித்தான் இருக்கும். அது ஓடுற வண்டிக்கான கணக்கு, நிப்பாட்டி வச்ச வண்டி கூரை அதவிட எவ்வளவோ கூட தாங்கும், அதப் பாத்து ஏமாறாதீங்க. தோட்டத்து கல்லு ரோட்டுல குலுங்குறதுக்கு அந்தக் கணக்க ஒன்றரையால வகுக்கச் சொல்லி ரெக் செய்ற கம்பெனிங்களே சொல்லுது, 75ன்னா 50 தான் மிச்சம். அந்த 50க்குள்ள ரெக்கோட எடையும் சேரும்! பாஸ் அடிக்கிற இரும்பு ரெக் அதுவே 30 கிலோ 40 கிலோ வந்துரும், அப்புறம் ஏணி ஒண்ண போட்டா கணக்கு முடிஞ்சுது. அலுமினியம்னா அதவிட எடை கொறவு. கம்பெனி ரெக்னு பேர் இருந்தா மட்டும் கூரைக்கு பலம் கூடாது, வெளிய வாங்குன நல்ல ரெக் 150 கிலோ தாங்கும்னு ஒட்டியிருந்தாலும் கூரையோட கணக்கு எதுவோ அதுதான். கம்பெனி ரெக்ல நல்ல விஷயம் என்னன்னா, ரெக்கோட கால் கூரையில எந்த எடத்துல உக்காரணுமோ அந்த எடத்துக்குன்னே செஞ்சிருப்பாங்க, காத்து சத்தமும் கொறவு.

பண்டாரவளை கராஜ்:
அண்ணே சொன்னது சரி. நான் அந்தக் கால் உக்கார்ற எடத்தப் பத்தியே சொல்றேன், ஏன்னா கராஜுக்கு வர்ற பிரச்சினையெல்லாம் அங்கதான் தொடங்குது. பழைய ஹைலக்ஸ் எல்என் 106 மாதிரி கெப்புல கூரை ஓரத்துல தண்ணி வடியிற காடி இருக்கும், அதுல கிளாம்ப் போட்டு எறுக்குனா போதும், எந்த ரெக்கும் நிக்கும். விகோவுல அந்தக் காடி கெடையாது, கதவு மேல் ஓரத்துல கொக்கி மாதிரி பிடிக்கிற கிளாம்ப் காலு உள்ளதுதான் எடுக்கணும், அதுவும் உங்க மொடலுக்குன்னே வந்த செட்டா இருக்கணும், மத்த வண்டிக்கு வந்தத வளச்சு மாட்டுறத மட்டும் விட்டுருங்க. கூரையில ஓட்ட போட்டு போல்ட் அடிக்கச் சொன்னா வேணாம்னு சொல்லுங்க. எங்க ஊரு மழையும் பனியும் உங்களுக்குத் தெரியும், ஓட்டையச் சுத்தி பிரைமர் அடிச்சு சீலர் போட்டாலும் கொஞ்ச காலத்துல சீலர் ஓரம் பிரிஞ்சு தண்ணி உள்ள எறங்கும், மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, உள் கூரை துணியக் கழட்டுனா போல்ட்டச் சுத்தி காவி நெறத்துல வட்டம் போட்டிருக்கும், தகரம் வெரல் வச்சா உதிரும். 2020ல வண்டி இறக்குமதிய நிப்பாட்டுனதுல பழைய கெப்பு வெல எப்படி ஏறுச்சுன்னு உங்களுக்கே தெரியும், கூரையில ஓட்ட இருந்தா வாங்குறவன் மொத அதத்தான் காட்டி வெலயக் கொறைப்பான்.

கிளாம்ப் காலுக்கு அடியில ரப்பர் இருக்கும், தோட்டத்து செம்மண் அதுக்குள்ள போய் உக்காந்து உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி பெயின்ட்ட தின்னும். மாசத்துக்கு ஒருக்கா கழட்டித் தொடைங்க. மாட்டுன புதுசுல கொஞ்ச தூரம் ஓடிட்டு எல்லா நட்டையும் திரும்ப எறுக்கிப் பாக்கணும், இது கம்பெனி ரெக்குக்கும் தான்.

தலவாக்கலை:
எனக்கு ஒரு கேள்வி. பைப்பு, ஏணிக்கு கூரை எதுக்கு? கெப்பு பாரம் ஏத்துறதுக்குச் செஞ்ச எடம் பின்பக்கம்தான். பின் பொடியில (பாரத் தொட்டியில) நாலு தூண் நிறுத்தி ஃபிரேம் அடிங்க, முன் தூண் கூரையவிட ஒசரமா வரட்டும், ஏணி முன் கெபினுக்கு மேல முன்னாடி நீட்டிக்கிட்டு போகும், பின்னால நீட்டத் தேவையில்ல. இதுக்கு வெல்டிங் பாஸே போதும், கம்பெனி ரெக் வாங்குற சல்லில மிச்சமும் வரும். ஒண்ணே ஒண்ணு, ஃபிரேம எந்தக் காரணத்துக்கும் கூரையோட சேத்து வெல்ட் பண்ணவோ போல்ட் போடவோ விடாதீங்க. முன் கெபினும் பின் பொடியும் ஒரே சேஸிஸ் மேல தனித்தனியாத்தான் இருக்கு, குழி ரோட்டுல ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் அசையும், சேத்துக் கட்டுனா வெல்டு விடும், இல்லாட்டி கூரை கிழியும். கூரைக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல நாலு வெரல் எடைவெளி கண்டிப்பா வேணும்.

ஹட்டன் வயரிங்:
ரொம்ப நன்றிண்ணே, இத நான் யோசிக்கவே இல்ல. அப்ப குடும்பத்தோட போறப்ப பேக்க எங்க போடுறது? அம்மாவுக்கு முட்டி வலி, வீல் செயரும் கொண்டு போகணும்.

பண்டாரவளை கராஜ்:
அது பின் பொடியிலயே போடுங்க, படங்கு போட்டு மூடுனா மழையும் படாது. டூல்ஸ் பெட்டிய அன்னைக்கு மட்டும் எறக்கி வைங்க. ஃபிரேம் காலுக்கு அடியில வெறும் போல்ட் போடாம உள்பக்கம் தடிச்ச பிளேட் வச்சு எறுக்கச் சொல்லுங்க, பொடித் தகரம் மெல்லிசு.

ராகலை மரக்கறி:
கட்டுறத யாரும் சொல்லல. மேலால பெல்ட்ட சுத்தி எறுக்குனா ஏணி மேல எழும்பாது, ஆனா பிரேக் அடிச்சா முன்னாடி வழுக்கும். நானுஓயா ரதல்ல எறக்கம், ரம்பொட எறக்கத்துலயெல்லாம் பாரம் பூரா முன்னால தள்ளும். ஏணிப் படியில கயித்தப் போட்டு பின் தூணுக்கு இழுத்துக் கட்டுங்க, அது முன்னால போக விடாது. பிவிசி பைப்பு வழுவழுன்னு இருக்கும், நடுவுல இருக்குறது தனியா நழுவி வெளிய வரும், ரெண்டு மொனையிலயும் கட்டாக் கட்டி முன் மொனைய சாக்கு போட்டு மூடிருங்க. ஒசரத்துல பாரம் இருந்தா வளைவுல வண்டி சாயிறது கூடும், வழக்கமா எடுக்குற வேகத்துல எடுக்காதீங்க.

ஹட்டன் வயரிங்:
சரி, பாஸ்கிட்ட பின் பொடி ஃபிரேமே சொல்லிட்டேன். முன் தூண் ஒசரத்த நானே நின்னு அளந்து குடுக்குறேன், பிளேட் விஷயமும் சொல்லியாச்சு. கூரைக்கு ஒண்ணும் போடல.