வாரக் குறிப்பு எழுதுவது வாழ்க்கையை எளிதாக்குகிறதா, இன்னொரு வேலையாகிவிடுகிறதா?

தூரிகை எழுதியது:

வார இறுதியில் மூன்று வரிகள் எழுதி வைக்கும் வழக்கம் ஒன்றை விவாதத்துக்கு முன்வைக்கிறேன். முதல் வரியில் அந்த வாரத்தில் கிடைத்த ஒரு சிறு இன்பம், இரண்டாவதில் புதிதாகக் கற்றுக்கொண்ட ஒன்று, மூன்றாவதில் வாழ்க்கையிலிருந்து குறைத்துக்கொண்ட ஒன்று. குறைத்துக்கொண்டது ஒரு பொருளாக இருக்கலாம், ஒரு சந்தாவாக இருக்கலாம், ஏற்றுக்கொள்ளாமல் தவிர்த்த ஒரு பொறுப்பாகவும் இருக்கலாம்.

நல்லவை நமக்கு வெகு விரைவில் பழகிப்போகின்றன என்பதே நான் சொல்லும் காரணம். உளவியலாளர்கள் பிலிப் பிரிக்மனும் டொனால்ட் கேம்ப்பெலும் 1971-இல் இதைப் பற்றி எழுதியபோது, எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிறுத்தும் ஓட்டப்பொறியோடு இன்ப வேட்டையை ஒப்பிட்டார்கள். வருமானம் கூடினால் எதிர்பார்ப்பும் கூடிவிடுகிறது. ஆசைப்பட்டு வாங்கிய நாற்காலி சில மாதங்களில் வெறும் நாற்காலியாகிவிடுகிறது. இப்படி மங்கிப்போனதை மீண்டும் கண்ணுக்குக் கொண்டுவர ஓர் இடைநிறுத்தம் தேவைப்படுகிறது. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றி பாராட்டத்தக்கவற்றை வாரந்தோறும் எழுதியவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடவும் பொதுவான நிகழ்வுகளை எழுதியவர்களைவிடவும் தங்கள் வாழ்க்கையை நிறைவாக மதிப்பிட்டார்கள். ஒரு தாளும் பத்து நிமிடமும் போதும் என்னும்போது இதை ஏன் விட வேண்டும்?

எதிர்க்கரை எழுதியது:

பத்து நிமிடம்தான் என்று சொல்லித் தொடங்கும் எந்தப் பழக்கமும் பத்து நிமிடத்தோடு நிற்பதில்லை. குறிப்பு எழுதுவது வார இறுதியில் இருந்தாலும், எழுத வேண்டுமே என்ற நினைப்பு வாரம் முழுவதும் கூடவே வருகிறது. வெயிலில் காய்ந்த துணியை எடுத்து மடிக்கும்போது அதன் கதகதப்பு உள்ளங்கையில் ஏறுகிறது. அது நல்ல இன்பம்தான், ஐயமில்லை. ஆனால் ‘இந்த வாரத்துக்கு இதையே எழுதிவிடலாம்’ என்ற எண்ணம் குறுக்கிட்ட நொடியில் கை துணியிலும் மனம் தாளிலுமாகப் பிரிந்துவிடுகின்றன. அதன்பின் மடிப்பது நானல்ல, எனக்குள் இருக்கும் நிருபர்.

இது என் கற்பனை மட்டும் அல்ல. ஜோர்டன் எட்கின் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வடிவங்களுக்கு வண்ணம் தீட்டுவது போன்ற வேலைகளில், தாங்கள் செய்த அளவு கணக்கிடப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்தார்கள், ஆனால் குறைவாக ரசித்தார்கள். அதற்கு வெகு முன்பே, 1973-இல், மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் இதைப் போன்ற ஒன்றைக் கண்டார்கள். படம் வரைந்தால் பரிசுச் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் தாமாக வரையும் வாய்ப்பு வந்தபோது, அப்படிச் சொல்லப்படாத குழந்தைகளைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். வேறு ஏதோ ஒன்றுக்காகச் செய்யப்படும்போது விளையாட்டு வேலையாகிவிடுகிறது.

நீங்கள் காட்டிய 2003 ஆய்வைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய நன்றிப் பயிற்சிகள் பலவற்றின் முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்த டேவிட் கிரெக்கும் ஜெனிஃபர் சீவன்ஸும், மனச்சோர்வின் மீதும் பதற்றத்தின் மீதும் அவற்றின் விளைவு சிறியது என்றே முடிவுக்கு வந்தார்கள். சிறிய பயனுக்கு வாராவாரம் ஒரு கெடுவா? எளிமை என்ற பெயரில் ஒரு குறிப்பேடு, ஒரு நினைவூட்டி, எழுதாமல் விட்ட வாரத்தின் குற்ற உணர்ச்சி என்று நீங்கள் கூட்டிக்கொண்டே போகிறீர்கள்.

தூரிகை எழுதியது:

நண்பர் எதிர்க்கரை சுட்டிக்காட்டிய சிறிய விளைவை நான் மறுக்கவில்லை. நோய்க்கு மருந்தாக இதை நான் முன்மொழியவும் இல்லை. மனச்சோர்வு உள்ளவர் மருத்துவரிடம்தான் போக வேண்டும். எட்கினின் ஆய்வு அளவைப் பற்றியது: எத்தனை வடிவம், எத்தனை பக்கம், எத்தனை அடி. நான் எதையும் எண்ணச் சொல்லவில்லை. நீங்களே எழுதிய அந்தத் துணியின் கதகதப்பு எண்ணிக்கை இல்லாமல்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது. இவ்வளவு துல்லியமாக நீங்கள் எழுதியதால் அது உங்களுக்குக் குறைந்துவிட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

கெடு என்கிறீர்கள். எவ்வளவு அடிக்கடி எழுதுவது என்பது உண்மையிலேயே முக்கியமான கேள்வி. சோன்யா லியுபோமிர்ஸ்கி, கென்னன் ஷெல்டன், டேவிட் ஷ்கேட் ஆகியோர் 2005-இல் எழுதிய கட்டுரையில் 6 வார ஆய்வு ஒன்று விவரிக்கப்படுகிறது. வாரத்துக்கு ஒரு முறை நல்லவற்றை நினைத்து எழுதியவர்களுக்கு மனநிறைவு கூடியது. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அளவுக்கு மீறினால் இதுவும் அலுத்துப்போகிறது என்பதால்தான் நான் நாட்குறிப்பைச் சொல்லாமல் வாரக் குறிப்பைச் சொன்னேன்.

எதிர்க்கரை எழுதியது:

அந்த ஆய்வை உங்களுக்கு எதிராகவும் படிக்கலாம். ஒரு முறை நல்லது, மூன்று முறை வீண் என்றால், பயன் எழுத்தில் இல்லை, எழுதாமல் விட்ட இடைவெளியில்தான் இருக்கிறது.

வாரம் என்ற அளவுக்கும் புனிதம் எதுவும் இல்லை. நாளுக்குச் சூரியனும் மாதத்துக்கு நிலவும் ஆதாரமாக இருப்பதுபோல் ஏழு நாளுக்கு வானத்தில் ஆதாரம் ஏதும் கிடையாது. அது மனிதர்கள் வகுத்துக்கொண்டது. (பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1793-இல் பத்து நாள் வாரத்தையும், சோவியத் அரசு 1929-இல் ஐந்து நாள் வாரத்தையும் பின்னர் ஆறு நாள் வாரத்தையும் கொண்டுவந்து பார்த்தார்கள். இரண்டு நாடுகளும் கடைசியில் ஏழுக்கே திரும்பின. அந்த வகையில் வழக்கத்தின் வலிமையை நான் ஒப்புக்கொள்கிறேன்.) நம் இன்பங்களும் கல்வியும் இந்தப் பெட்டிக்குள் அடங்கித்தான் வர வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

பழைய மாணவர் எழுதியது:

இன்பத்தைப் பற்றிய வழக்கை நீங்கள் இருவரும் நடத்துங்கள். இரண்டாவது வரியை யாரும் தொடவில்லை என்பதால் நான் உள்ளே வருகிறேன். கற்றதை எழுதுவது என்பதில் இரு வகை உண்டு. ‘இந்த வாரம் ஒரு முடிச்சுப் போடக் கற்றேன்’ என்று எழுதுவது வெறும் வரவுக் கணக்கு. அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று, எதையும் பார்க்காமல், நினைவிலிருந்து எழுதுவது வேறு வகையானது.

பாரம் இழுத்தாலும் இறுகாத வளைய முடிச்சையே எடுத்துக்கொள்வோம். கயிற்றின் நீண்ட பகுதியில் முதலில் ஒரு சிறு கண்ணியை உண்டாக்க வேண்டும். நுனியை அதன் அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, நீண்ட பகுதியின் பின்புறமாகச் சுற்றி, மீண்டும் அதே கண்ணிக்குள் இறக்கி இழுக்க வேண்டும். காணொளியில் பார்க்கும்போது இதில் கடினம் எதுவும் தெரியாது. தாளை எடுத்து எழுத உட்கார்ந்தால்தான், கண்ணியின் குறுக்கே எந்தப் பகுதி மேலே கிடந்தது என்ற கேள்வி வரும். அது மாறிப்போனால் நுனியை இழுத்ததும் முடிச்சு அவிழ்ந்துவிடும். தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டதற்கும் உண்மையில் தெரிந்ததற்கும் உள்ள தூரத்தை இந்த ஒரு வரி காட்டிவிடுகிறது.

ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பாடப் பகுதியை மீண்டும் மீண்டும் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, மறுபடி படிப்பதற்குப் பதிலாகப் பாடத்தைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885-லேயே, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்து, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்வதைக் காட்டியிருந்தார். ஆகவே வார இறுதியில், பாதி மறந்துபோன நிலையில், தட்டுத் தடுமாறி நினைவுகூர்வது வீண் வேலை அல்ல. கற்றல் நடப்பதே அந்தத் தடுமாற்றத்தில்தான்.

எதிர்க்கரை எழுதியது:

பழைய மாணவர் அவர்களின் வாதம் வலுவானது. பார்க்காமல் நினைவுகூர்வதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் முடிச்சுக்கு உரிய தேர்வு தாள் அல்ல, கயிறு. எழுத்தில் சரியாகச் சொல்லிவிட்டுக் கையில் கோட்டைவிடுபவர்களும், கையில் சரளமாகப் போட்டுவிட்டு ஒரு வாக்கியத்தில் விளக்க முடியாதவர்களும் உண்டு. இரண்டாம் வகையினரைக் கற்காதவர்கள் என்று சொல்வீர்களா?

என் அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. வாரம் ஒன்று காட்ட வேண்டும் என்று வைத்துவிட்டால், வாரத்துக்குள் முடிகிறவற்றையே மனிதர்கள் கற்கத் தொடங்குவார்கள். முடிச்சு, காகித மடிப்பு, ஒரு நாட்டின் தலைநகரம். வயலினோ ஒரு புதிய மொழியோ அப்படிப்பட்டது அல்ல. ஒரு மொழியைக் கற்கும்போது, வாரக்கணக்கில் காதில் வெறும் ஓசையாக ஓடியது ஒரு நாள் சொற்களாகப் பிரிந்து கேட்கிறது. அதற்கு முந்தைய வாரங்களில் எழுத என்ன இருந்தது? குறிப்பேட்டில் அந்த வாரங்கள் வெறுமையாகத் தெரியும். உண்மையில் வேலை நடந்தது அப்போதுதான்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டு, வாரம் ஒன்றில் கருத்தூன்றி, தவறிய இடங்களில் கரும்புள்ளி வைத்தார். ஆண்டுக்கு நான்கு சுற்று. அவருக்கே ஒழுங்கு என்ற பண்பு கடைசிவரை பிடிபடவில்லை என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். சில பண்புகள் வாரத்தில் அடங்காதவை என்பதற்கு அவரைவிடப் பொறுமையான சாட்சி கிடைக்காது.

தூரிகை எழுதியது:

அதே பிராங்க்ளின், தாம் எண்ணிய முழுமையை எட்டவில்லை என்றாலும் அந்த முயற்சியால் மேலானவராகவும் மகிழ்ச்சியானவராகவும் ஆனதாகவும் எழுதியிருக்கிறாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வெறுமையான வாரம் என்பதும் ஒரு செய்திதான். ‘இன்னும் ஓசையாகவே கேட்கிறது’ என்று எழுதி வைத்தவருக்குத்தான், ஓசை சொல்லாக மாறிய வாரம் எது என்று பின்னால் தெரியும்.

நிழற்குடை எழுதியது:

நான் படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பராமரிப்பவள். எளிய வாழ்க்கை பற்றிய உரையாடல்களைச் சற்று ஐயத்தோடுதான் படிப்பேன். ஆயினும் தூரிகை அவர்களின் மூன்று வரிகளில் மூன்றாவதுதான் உண்மையில் புதியது என்று நினைக்கிறேன். கேப்ரியல் ஆடம்ஸும் அவருடைய சகாக்களும் 2021-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒன்றைச் சீர்செய்யச் சொன்னால் மனிதர்கள் எதையாவது சேர்க்கவே முதலில் எண்ணுகிறார்கள் என்று காட்டினார்கள். லெகோ கட்டைகளாலான ஓர் அமைப்பை உறுதிப்படுத்தும் சோதனையில், ஒரு கட்டையை எடுத்துவிட்டாலே போதும் என்றபோதும், கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு கட்டைக்கும் செலவு உண்டு என்றபோதும் பலர் கட்டைகளைச் சேர்த்தார்கள். எடுப்பதற்குச் செலவில்லை என்று நினைவூட்டியபோது கட்டையை எடுத்தவர்களின் எண்ணிக்கை கூடியது. எதைக் குறைக்கலாம் என்று யாராவது கேட்டால்தான் நமக்கு அது தோன்றுகிறது. வாரத்துக்கு ஒரு முறை அந்தக் கேள்வியைக் கேட்பதில் தவறில்லை.

ஆனால் அந்த வரி யாருடைய கையால் எழுதப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டில் ஒருவர் சலவை இயந்திரம் வேண்டாம் என்று முடிவெடுத்து, ‘ஒரு பொருளைக் குறைத்தேன்’ என்று எழுதுவார். துவைப்பவர் இன்னொருவராக இருப்பார். ஒருவர் கைப்பேசியை வார இறுதியில் அணைத்து வைத்து அமைதி கண்டதாக எழுதுவார். அந்த இரண்டு நாளும் மருத்துவமனை அழைப்புகளை எடுத்தவருடைய அமைதியைப் பற்றி அந்தக் குறிப்பில் எதுவும் இருக்காது. நான் கைப்பேசியை அணைக்க முடியாது. எனக்கு எளிமை என்பது பொருளைக் குறைப்பதில் இல்லை, வேலையை இன்னொருவர் பங்கிட்டுக்கொள்வதில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் என் வாழ்வில் இன்னும் ஓர் ஆள் சேர வேண்டும்.

ஆகவே மூன்றாவது வரிக்கு ஒரு துணைக் கேள்வி வேண்டும் என்கிறேன்: குறைத்ததால் யாருக்குக் கூடியது?

தூரிகை எழுதியது:

நிழற்குடை அவர்களே, இந்தத் துணைக் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அதற்குப் பதில் எழுத முடியாத குறைப்பைக் குறைப்பாகக் கொள்ளக் கூடாது என்றும் சேர்த்துக்கொள்ளலாம். கற்றதை எழுதுமுன் செய்து பார்த்துவிட வேண்டும் என்பதில் எதிர்க்கரை அவர்களோடு உடன்படுகிறேன். இன்பத்தைப் பற்றிய வரியை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. உளவியலாளர் எட் டீனரும் அவருடைய சகாக்களும் 1991-இல் வாதிட்டதுபோல், மகிழ்ச்சியைத் தீர்மானிப்பது நல்லுணர்வின் தீவிரம் அல்ல, அது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதே என்றால், சிறியவற்றைக் கவனிக்கத் தவறுபவர் இழப்பது அதிகம்.

எதிர்க்கரை எழுதியது:

இரண்டாவது, மூன்றாவது வரிகளை இந்தத் திருத்தங்களோடு நானும் எழுதிப் பார்க்கிறேன். முதல் வரி என் தாளில் இருக்காது. கவனிப்பது வேறு, எழுதுவது வேறு. டீனரின் வாதம் கவனிப்புக்கு ஆதரவாக நிற்கிறது, குறிப்பேட்டுக்கு அல்ல. எழுதாமலே கவனிக்கும் ஒருவருக்கு உங்கள் முதல் வரி கூடுதலாக என்ன தருகிறது என்ற கேள்விக்கு இந்த இழையில் இன்னும் பதில் வரவில்லை.