3 மி.மீ. துளைக்குக் குட்டி போரிங் டூல்: சாணையில் எங்கே தப்பாகிறது?

கேள்வி

லேத்தில் துளையின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்க, 3 மி.மீ. உருண்டை ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) கம்பியில் போரிங் டூல் தீட்டியிருக்கிறேன். மைல்ட் ஸ்டீலில் 2.7 மி.மீ. டிரில் விட்டு, 8 மி.மீ. ஆழத்துக்கு 3 மி.மீ. ஆக்க வேண்டும். டூலின் கழுத்து 1.6 மி.மீ., வெட்டும் விளிம்புக்குக் கீழே கிளியரன்ஸ் (டூல் உரசாமல் ஒதுங்கும் சரிவு) 10 டிகிரி. வெளிப்புறம் கடைய இதே கோணம் நன்றாகவே வேலை செய்கிறது. துளைக்குள் போனதும் கீச்சிடுகிறது, வெட்டாமல் தேய்க்கிறது, உள்ளே போகப் போகத் துளை குறுகுகிறது. இருப்பது 6 அங்குல கிரைண்டர், 60 கிரிட் (எண் கூடக் கூட மணி நைசு) சாம்பல் கல். இரண்டு டூலின் முனை நீலமாகிவிட்டது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா?

பதில் 1

அந்த 10 டிகிரிதான் வில்லன். வெளிப்புறம் கடையும்போது வேலைத்துண்டின் வளைவு டூலை விட்டு விலகிப் போகும். துளைக்குள் அதே வளைவு டூலை நோக்கி வரும். 3 மி.மீ. துளையில் விளிம்பு மைய உயரத்தில் (துளையின் மையத்துக்கு நேராக) இருந்தால், அதற்கு 1 மி.மீ. கீழே சுவர் 0.38 மி.மீ. உள்ளே வந்திருக்கும். 10 டிகிரி அந்த இடத்தில் ஒதுங்குவது 0.18 மி.மீ. மட்டுமே. மீதி 0.2 மி.மீ. டூலின் வயிறு சுவரில் இடிக்கிறது. ஆரம்பத் துளை 2.7 என்பதால் முதல் வெட்டில் இன்னும் மோசம், அங்கே 0.44 ஒதுங்க வேண்டும்.

அதற்காக விளிம்பிலிருந்தே 30 டிகிரி எடுத்துவிடாதீர்கள். முனைக்கு அடியில் முட்டு இல்லாமல் உதிரும். விளிம்பிலிருந்து 0.4 மி.மீ. வரை 10 டிகிரி, அதற்குக் கீழே 35 டிகிரி என்று இரண்டு கட்டமாக எடுங்கள். 1 மி.மீ. கீழே சுமார் 0.49 ஒதுங்கும், 2.7 துளைக்கும் போதும். எடுக்கும் முகத்தில் மார்க்கர் பேனாவால் மை தடவிக்கொண்டால் கல் எங்கே தொடுகிறது என்று தெரியும். 10 மடங்கு லூப் (கண்ணருகே வைக்கும் உருப்பெருக்கி) இல்லாமல் இந்த அளவில் வேலை செய்வது குருட்டு வேலை. விளிம்பைப் பார்க்கும்போது வெள்ளைக் கோடு மின்னினால் அது இன்னும் மழுங்கல்.

முனை ஆரம் 0.1 மி.மீ. தாண்ட வேண்டாம். தாண்டினால் மெலிந்த கழுத்து அதிரும், கீச்சுச் சத்தம் திரும்பி வரும்.

பதில் 2

கோணம் சரி. ஆனால் 3 மி.மீ. கம்பியை விரலில் பிடித்துக்கொண்டு அந்தக் கோணம் யாருக்கும் வராது. ஒரு ஹோல்டர் செய்யுங்கள். 10 மி.மீ. சதுரக் கம்பித் துண்டை டூல் போஸ்டில் (லேத்தில் டூலைப் பிடிக்கும் பகுதி) பூட்டி, சக்கில் (சுழலும் பிடிப்பான்) முதலில் இடம் குறிக்கும் சென்டர் டிரில், அடுத்து 2.9 டிரில், கடைசியில் துளையைத் துல்லிய அளவாக்கும் 3 மி.மீ. ரீமர். துளை தானாகவே மைய உயரத்தில் அமையும். அதன் பிறகு போஸ்ட் உயரத்தைத் தொடாதீர்கள். மேலிருந்து எம்3 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத 3 மி.மீ. திருகு) போடுங்கள். அது உட்காரும் இடத்தில் கம்பியில் சின்னத் தட்டை எடுத்தால் டூல் திரும்பாது.

சாணையிலும் அதே ஹோல்டரோடு பிடியுங்கள், கிரைண்டரின் ரெஸ்ட்டில் (டூலைத் தாங்கும் மேடை) ஆடாமல் உட்காரும். ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 1 மி.மீ. அதற்கு மேல் விட்டால் மெல்லிய முனையைக் கல் உள்ளே இழுத்துவிடும். வெட்டும் முனையின் மேல் தட்டையை, கம்பியின் அடியிலிருந்து மைக்ரோமீட்டரில் அளந்து, பாதிக் கனமான 1.5-க்குப் பதில் 1.55-இல் நிறுத்துங்கள். விளிம்பு மையத்துக்கு 0.05 மேலே இருக்கும், டூல் கீழே வளைந்தாலும் சுவருக்குள் குத்தாது.

பதில் 3

நீலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சில்வர் ஸ்டீலாக (ஒரு வகைக் கார்பன் எஃகு) இருந்தால் போச்சு. ஹெச்எஸ்எஸ் 550 டிகிரி செல்சியஸ் வரை கடினத்தைப் பெரிதாக விடாது, நீலம் 300 சுற்றிலேயே வந்துவிடும். முனை சிவந்திருந்தால் மட்டும் அரை மி.மீ. எடுத்துத் தள்ளுங்கள். சூடேறிய முனையைத் தண்ணீரில் போடுவதுதான் கெடுதல், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். ஒரு நொடி தொட்டு எடுங்கள், சூடேறும் முன்பே நனையுங்கள்.

கல்தான் மாற வேண்டும். 60 கிரிட் கல்லின் ஒரு மணியே கால் மி.மீ. இருக்கும். அதில் 0.1 ஆரம் எப்படி வரும்? வடிவம் எடுக்க 120 கிரிட் வெள்ளைக் கல், கடைசி 0.1 மி.மீ. 400, பிறகு 1000 கிரிட் வைரத் தகட்டில் கையால். கல் விளிம்பிலிருந்து உடலை நோக்கி ஓட வேண்டும். எதிர்த்திசையில் ஓடினால் விளிம்பில் பிசிறு நிற்கும்.

கேட்டவர்

ஒடிந்த சர்க்யூட் போர்டு டிரில்களின் 3.175 மி.மீ. கார்பைடு (மிகக் கடினமான டங்ஸ்டன் சேர்மம்) தண்டில் இதே டூலை எடுக்கலாமா?

பதில் 3

தாராளமாக. கழுத்து ஹெச்எஸ்எஸ்ஸை விட வெகுவாக விறைப்பு, துளை குறுகுவது குறையும். ஆனால் சாம்பல், வெள்ளைக் கற்கள் கார்பைடைத் தின்னாது. வைரச் சக்கரம் வேண்டும், ஈரமாகத் தீட்டுங்கள், முகமூடி கட்டாயம். தூசியில் கோபால்ட் இருக்கிறது. ஹோல்டர் துளையையும் 3.2 ஆக்க வேண்டும்.

எதில் செய்தாலும் ஒரு வெட்டுக்கு 0.03 மி.மீ. ஆழம், 1,500 ஆர்பிஎம். கடைசி அளவில் ஆழம் கூட்டாமல் இரண்டு தடவை ஓட்டுங்கள். கார்பைடு முனை துளைக்குள் இருக்கும்போது லேத்தை நிறுத்தாதீர்கள், பட்டென்று உடையும்.