புதுப்பிப்பு: அக்கா மகனின் எலும்பு மஜ்ஜைச் செயலிழப்பும் எதிர்ப்பாற்றலை அடக்கும் சிகிச்சையும்

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா மகனுக்கு மூவகை இரத்த அணுக்களும் குறைந்ததால் வேலூரில் மஜ்ஜைப் பரிசோதனை செய்யப்பட்டதை முன்பு எழுதியிருந்தேன். 'எதிர்ப்பாற்றல் குறைந்த பிள்ளைக்கு அதை மேலும் அடக்கும் மருந்து எதற்கு?' என்று பலர் கேட்டிருந்தீர்கள். அக்காவும் அதையேதான் கேட்டார்.

மஜ்ஜை போதிய இரத்த அணுக்களை உருவாக்காத ஏப்லாஸ்டிக் அனீமியா உறுதியாகியுள்ளது. பிறவிக் குறைபாடு இல்லாமல் வரும் இந்நோயில் பெரும்பாலும், கிருமிகளைத் தாக்க வேண்டிய டி அணுக்களே இன்டர்ஃபெரான் காமா போன்ற புரதங்களைச் சுரந்து, இரத்த அணுக்களை உருவாக்கும் மஜ்ஜையின் குருத்தணுக்களை அழிக்கின்றன. காவலாளே நாற்றங்காலை மிதிப்பது போன்றது இது. அவ்வணுக்களை ஒடுக்கும் சீரத்துடன் பிறர் மஜ்ஜை செலுத்தப்பட்ட சிலரிடம், அது ஒட்டாதபோதும் அவர்களது சொந்த மஜ்ஜையே மீண்டதை 1970இல் பிரெஞ்சு மருத்துவர் ஜார்ஜ் மாத்தே பதிவுசெய்தார். டி அணுக்களை ஒடுக்கும் அத்தகைய சீரமான ஏடிஜியைக் கொண்டு இன்று தரப்படும் சிகிச்சைக்கு அது வலுவான தூண்டுகோல்.

மஜ்ஜையைச் செயலிழக்கச் செய்யும் பிறவி நோயான ஃபான்கோனி அனீமியாவில் கோளாறு டிஎன்ஏ பழுதுநீக்கத்தில் இருப்பதால் இம்மருந்துகள் உதவா. அந்நோயைக் கண்டறியும் குரோமோசோம் முறிவுச் சோதனையை எந்தப் பெற்றோரும் தவிர்த்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எங்கள் பிள்ளைக்கு அச்சோதனை முடிவு இயல்பாகவே இருந்தது; ஃபான்கோனி இல்லை.

அவன் தங்கையின் எச்எல்ஏ (திசு வகை) பொருந்தியிருந்தால், வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடந்துவரும் மஜ்ஜை மாற்றே முதல் தேர்வாகியிருக்கும். பொருந்தாததால் குதிரையிலிருந்து எடுக்கப்படும் ஏடிஜியும், டி அணுக்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தும் தொடங்கப்பட்டுள்ளன. பலன் தெரிய 3 முதல் 6 மாதங்கள் ஆகலாம். அதுவரை இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் தானமாகத் தேவை. உறவினர் இரத்தம் ஏற்றினால், பின்னாளில் மஜ்ஜை மாற்று தேவைப்படும்போது உறவினர் மஜ்ஜையை அவன் உடல் நிராகரிக்கக்கூடும் என்பதால், இரத்த உறவினர் அல்லாதோர் மட்டும் தானம் செய்ய வேண்டுகிறேன்.