உறைபனி மாசத்தில் மட்டும் ஃப்ரீசரில் வைத்த கறி இளகுது, சமைக்கலாமா?

மஞ்சூர்_மலர்:
நாங்க இருக்கிறது மஞ்சூர் பக்கம். மாசம் ஒரு தடவை ஊட்டி மார்க்கெட் போய் 4 கிலோ ஆட்டுக்கறி, 3 கிலோ கோழி வாங்கிட்டு வந்து ஃப்ரீசரில் போடுவோம். டபுள் டோர், 250 லிட்டர். மார்கழி, தையில் மட்டும் பாக்கெட் ஓரம் எல்லாம் மெத்துன்னு ஆயிடுது, நடு மட்டும் கல்லா இருக்கு. கரன்ட் போகலை. குளிர்காலம்தானேன்னு நாபை 1-க்குக் குறைச்சு வச்சிருக்கோம். ஃப்ரிட்ஜ் இருக்கிறது பின்பக்கத் திண்ணையில். இந்தக் கறியைச் சமைக்கலாமா? இன்னொண்ணு, ஐஸ் விடறதுக்கு ராத்திரியே எடுத்து சமையல் மேடையில் வச்சுடறோம். இந்தக் குளிருக்கு அது பரவாயில்லையா? உப்பு, மஞ்சள் போட்டுக் கழுவித்தான் ஃப்ரீசரில் வைக்கிறோம்.

குன்னூர்_கம்ப்ரஸர்:
மேடம், முதல்ல ஃப்ரிட்ஜைத் திண்ணையிலிருந்து உள்ளே எடுங்க. கோளாறு அங்கேதான்.

பல டபுள் டோர் மாடலில் கம்ப்ரஸர் ஒண்ணு, அதை ஓட்டுற சென்சாரும் ஒண்ணு. அந்த சென்சார் கீழ் அறையில் இருந்தால், அங்கே சூடு ஏறினால்தான் கம்ப்ரஸர் ஓடும். உறைபனி விழுற ராத்திரியில் திண்ணையே 4, 5 டிகிரிக்கு இறங்கிடும். கீழ் அறை தானாகவே குளிர்ந்து கிடக்கிறதால சென்சார் கம்ப்ரஸரைக் கூப்பிடவே கூப்பிடாது. மேலே ஃப்ரீசருக்கு வேண்டியது மைனஸ் 18, அது கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே இருக்கும். நாபைக் குறைச்சது இன்னும் கெடுதல்.

பின்பக்க ஸ்டிக்கரில் 'கிளைமேட் கிளாஸ்' போட்டிருக்கும். 'டி'ன்னா சுற்றுப்புறம் 16 முதல் 43 டிகிரி வரைக்கும் செஞ்சது, 'எஸ்என்'ன்னா 10 முதல் 32 வரை. நம்ம ஊர் மார்கழிக்கு 'டி' மாடல் திண்ணையில் தாங்காது. அடுப்பு எரியுற அறையில், அடுப்பை ஒட்டாம வைங்க. ஃப்ரீசருக்குத் தனி நாப் இருந்தால் அதை அதிகமா வைங்க, அது குளிர்காற்றை மேலே திருப்பிவிடும். ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி ரெண்டு பாக்கெட்டுக்கு நடுவில் செருகி, மறுநாள் காலையில் கதவைத் திறந்த உடனே பாருங்க. கையால் தொட்டுப் பார்த்தால் மைனஸ் 6-ம் கல்லு மாதிரிதான் இருக்கும், மைனஸ் 18-ம் அப்படித்தான்.

சிங்கிள் டோர் வச்சிருக்கிறவங்க ஃப்ரீசர் கதவில் நட்சத்திரக் குறி இருக்கான்னு பாருங்க (கரன்ட் சேமிப்பு ஸ்டிக்கர் நட்சத்திரம் வேற). ஒண்ணுன்னா மைனஸ் 6, ரெண்டுன்னா மைனஸ் 12, மூணுன்னா மைனஸ் 18. ஒரு நட்சத்திரப் பெட்டியில் மாசக்கணக்கில் கறி வைக்கவே கூடாது, ஒரு வாரம்தான்.

கோத்தகிரி_கறிக்கடை:
அக்கா, நடு கல்லா இருந்து ஐஸ் துகள் தெரிஞ்சா அந்தக் கறி கெடலை, இன்னைக்கே சமைச்சிடுங்க. முழுசா இளகி, எத்தனை நாளா அப்படிக் கிடந்ததுன்னு தெரியலைன்னா மனசு கேட்காட்டியும் கொட்டிடுங்க. உறைய வைக்கிறதால கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான்.

உப்பு போட்டு வைக்காதீங்க. ஃப்ரீசரிலும் உப்பு கொழுப்பைச் சிக்கடிக்க வைக்கும். மஞ்சள் குளிருக்கு ஈடாகாது. கழுவின தண்ணி கறிமேல ஐஸா மூடி, எல்லாம் ஒரே கட்டியா ஒட்டிக்கும். கோழியைக் குழாயடியில் கழுவினால் தெறிக்கிற தண்ணியில கிருமி பக்கத்துப் பாத்திரம் வரை போகும். பேப்பர் டவலில் ஒத்தி எடுத்து வச்சாலே போதும்.

காலையில் வெட்டின ஆட்டுக்கறியை உடனே ஃப்ரீசரில் தள்ளாதீங்க. வெட்டின பிறகு சதையில் வர்ற விறைப்பு விடறதுக்கு முன்னாடி உறைஞ்சா, ஐஸ் விடும்போது சதை சுருங்கி ரப்பர் மாதிரி ஆகும், அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் சவ்வு மாதிரிதான் இருக்கும். ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டில் மூடி போட்ட பாத்திரத்தில் ஒரு ராத்திரி வச்சு மறுநாள் உறைய வைங்க. மேல்தட்டு வேண்டாம், ரத்தத் தண்ணி கீரையிலும் தயிரிலும் சொட்டும்.

ஒரு வேளைக்கு ஆகிற 500 கிராமா பிரிச்சு, கனமான ஜிப் பையில் போட்டு, 2 செ.மீ. கனத்துக்குத் தட்டையா அமுக்குங்க. பையின் வாயைக் கொஞ்சம் திறந்து, வாய் மட்டும் மேலே இருக்கிற மாதிரி தண்ணியில் முக்கினால் காத்து வெளியே போயிடும், அப்போ மூடுங்க. காத்து இருந்தால் கறி காய்ஞ்சு வெள்ளைத் திட்டு விழும். அது விஷமில்லை, ருசிதான் போயிடும். ஸ்டீல் டப்பான்னா விளிம்பு வரை நிரப்பி, கறியைத் தொடற மாதிரி பட்டர் பேப்பர் வைங்க.

7 கிலோவையும் ஒரே நாளில் ஏத்தினால் அது மெதுவா உறையும். மெதுவா உறைஞ்சா ஐஸ் ஊசி பெரிசாகி சதையைக் கிழிக்கும், பிறகு சாறெல்லாம் தண்ணியா ஓடிடும். 50 லிட்டர் ஃப்ரீசருக்கு ஒரு நாளைக்கு 2 கிலோதான் கணக்கு. கோழி ஃப்ரிட்ஜில் 2 நாளுக்கு மேல் நிக்காது, அதனால கோழி முதலில், மறுநாள் ஆட்டுக்கறி. உங்க பெட்டிக்கு 7 கிலோ அதிகம், ரெண்டு தடவையா வாங்கறதுதான் நல்லது. மைனஸ் 18 இருந்தால் கோழித் துண்டு 9 மாசம், ஆட்டுக்கறி 6 மாசம் தாராளமா நிக்கும், கொத்துக்கறியும் ஈரலும் 3 மாசம். தேதி எழுதி ஒட்டுங்க.

கொடை_அடுக்களை:
சமையல் மேடை வேண்டாம்மா. வெளியே 5 டிகிரி இருந்தாலும் அடுக்களைக்குள்ள 15 இருக்கும். கிருமி பெருகுறது 5-லிருந்து 60 டிகிரி வரை. நடுவில் ஐஸ் இருக்கும்போதே மேல்பாகம் மணிக்கணக்கா அந்தச் சூட்டில் கிடக்கும். முதல் நாளே கீழ்த்தட்டுக்கு மாத்துங்க, தட்டையான அரைக்கிலோ மறுநாளைக்குத் தயார். அவசரம்னா பையோட பச்சைத் தண்ணியில் முக்கி, 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க, ஒரு மணி நேரத்தில் விட்டுடும். வெந்நீர் ஊத்தாதீங்க. தண்ணியில் ஐஸ் விட்டதைச் சமைக்காம திருப்பி உறைய வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜுக்குள்ளயே ஐஸ் விட்டதைத் திருப்பி உறைய வைக்கலாம், ருசி ஒரு படி குறையும்.

பஸ்ஸில் வர்ற நேரத்தையும் கணக்கில் சேருங்க. கடையிலிருந்து ஃப்ரிட்ஜுக்குள்ள போற வரை 2 மணி நேரம்தான். மத்த சாமானெல்லாம் வாங்கி முடிச்சு கடைசியா கறி வாங்குங்க.

மஞ்சூர்_மலர்:
ரொம்ப நன்றி. ஃப்ரிட்ஜை இன்னைக்கே உள்ளே மாத்தறோம். ஆடி மழையில் மரம் விழுந்து ரெண்டு நாள் கரன்ட் இல்லாம போகுமே, அப்போ?

குன்னூர்_கம்ப்ரஸர்:
கதவைத் திறக்காதீங்க. நிறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைஞ்சது 24. கீழ் அறை 4 மணி நேரம்தான். காலி இடத்தில் தண்ணி டப்பாக்களை உறைய வச்சு அடைச்சு வைங்க. ஊருக்குப் போறதா இருந்தால் ஃப்ரீசருக்குள்ள ஒரு கிண்ணம் ஐஸ் மேல ஒரு ரூபாய்க் காசை வச்சுட்டுப் போங்க. திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம்.