சாட்ஸ்வொர்த் வார்டு இடைத்தேர்தல்: முதியோருக்காக ஓர் உதவி

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். டர்பன் மாநகராட்சியில் எங்கள் சாட்ஸ்வொர்த் வார்டு உறுப்பினரின் இடம் காலியாகிவிட்டதால், சட்டப்படி 90 நாள்களுக்குள் இடைத்தேர்தல் நடந்தாக வேண்டும். நாடாளுமன்றத்தில் காலியாகும் இடத்தைக் கட்சியே தன் வேட்பாளர் பட்டியலிலிருந்து நிரப்பிக்கொள்ளும் நம் தென்னாப்பிரிக்காவில், மக்கள் தாங்களே ஒருவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அரிய வாய்ப்பு இது என்பதால், எங்கள் தெருப் பெரியவர்கள் ஒருவரும் இதைத் தவறவிடக் கூடாது என்று மனமார விரும்புகிறேன்.

நடக்க இயலாதவர்களின் வீட்டுக்கே அலுவலர்கள் வந்து வாக்குப் பெறும் சிறப்பு ஏற்பாடு உண்டு. ஆனால் அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், பெயரும் இதே வார்டின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். இத்தகைய விண்ணப்பங்களை நிரப்பிப் பழகியவர்கள், ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் எங்களுடன் அமர்ந்து உதவ முடியுமா? இடைத்தேர்தல்கள் பெரும்பாலும் புதன்கிழமையில் வருவதால், அன்று பகலில் பெரியவர்களைக் காரில் அழைத்துச் செல்லக்கூடியவர்களும் தயவுசெய்து இங்கேயே தெரிவியுங்கள்.